நுரையீரல் ரண சிகிச்சை: சிறு துவாரமும் சிறு பகுதியும்

நுரையீரலில் ரண சிகிச்சை செய்யவேண்டுமாயின், விலாப்புறத்தை நீளக் கீறி, விலாவெலும்புகளைக் கருவியால் விரித்து, அவ்விடைவெளியில் கையைச் செலுத்துவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இதனால் விலாக்களின் கீழ் ஓடும் நரம்புகள் நசுங்கும். வேதனைக்கு அஞ்சி நோயாளி ஆழ்ந்து மூச்செடுக்கவும் இருமவும் தயங்குவார், சளி தங்கும், நிமோனியாவும் தொடரக்கூடும்.

சிறு துவாரத்தின் வழியே மார்பினுள் நோக்கும் முறை புதியதன்று. ஸ்டாக்ஹோம் நகரத்து வைத்தியர் யாக்கோபேயஸ் 1910ஆம் ஆண்டிலேயே, மூத்திரப்பையைச் சோதிப்பதற்கென அமைந்த குழாயைக் கொண்டு இதனைச் செய்து வெளியிட்டார். அக்காலத்தில் க்ஷயரோகத்திற்கு, மார்பினுள் காற்றைப் புகுத்தி நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வளிப்பது ஒரு சிகிச்சை. நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது சுருங்காது. அவ்வொட்டுக்களை யாக்கோபேயஸ் துவாரத்தின் வழியே சுட்டு அறுத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் இம்முறை அருகிப்போயிற்று. 1990களின் தொடக்கத்தில் சிறிய வீடியோ காமிராக்களின் துணையால் மீண்டும் உயிர்பெற்றது. 2010இல் ஸ்பெயினின் லா கொருன்யா நகரில், ஒரே துவாரத்தின் வழியாக நுரையீரலின் ஒரு மடல் முழுவதும் அகற்றப்பட்டது.

துவாரத்தை இனியும் சிறிதாக்குவதில் பெரும் பயன் விளையும் என்று நமக்குத் தோன்றவில்லை. ஆராய்ச்சியாளர் இப்போது எழுப்பும் வினா வேறு: எவ்வளவு நுரையீரலை அகற்றவேண்டும்? வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடது நுரையீரலில் இரண்டும் உள்ளன. ஒவ்வொரு மடலும், தனித்தனிச் சுவாசக்குழலும் இரத்தக்குழாயும் உடைய கூறுகளாகப் பிரிகின்றது. (ஆசிரியர்கள் இதனைக் கிளை பிரியும் மரமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்.) 1995இல் வெளியான வட அமெரிக்கச் சோதனை ஒன்றில், மடலினும் குறைவாக அகற்றப்பட்டோருக்குப் புற்றுநோய் அவ்விடத்திலேயே அதிகமாகத் திரும்பியது. எனவே மடல் முழுவதையும் அகற்றுவதே விதியாயிற்று.

அவ்விதி 2022இல் தளர்ந்தது. ஜப்பானில் 1,106 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. எவருடைய கட்டியும் 2 செ.மீ.க்கு மேற்பட்டதன்று. ஐந்தாண்டு உயிர்வாழ்வு, கூறு மட்டும் அகற்றப்பட்டோரில் 94.3 சதவீதம், மடல் அகற்றப்பட்டோரில் 91.1 சதவீதம். ஆயினும் நோய் அவ்விடத்தில் திரும்பியது முன்னவரில் 10.5 சதவீதம், பின்னவரில் 5.4 சதவீதம். ஆகவே விவாதம் முற்றும் ஓய்ந்துவிடவில்லை.

இச்சலுகை சிறு கட்டிக்கே உரியது என்பதை ஊழியர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். நீடித்த இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை க்ஷயத்திற்கும் புற்றுநோய்க்கும் பொதுவானவை. எக்ஸ்ரே படத்தில் நிழல் கண்டவுடன் க்ஷயம் என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் மருந்துண்டபின் புற்றுநோய் என அறியப்படுவோர் நம் நாட்டில் பலர். அதற்குள் கட்டி பெருத்துவிடுகின்றது. மெய்யாகவே முன்பு க்ஷயம் கண்டவர்களுக்கோ, யாக்கோபேயஸ் அறுத்த அதே ஒட்டுக்கள் துவார சிகிச்சையைக் கடினமாக்குகின்றன. சளியில் கிருமி காணப்படாமலும் மருந்தால் குணம் தெரியாமலும் இருப்பவர், புகை பிடிக்காதவராயினும், அதே மருந்தைத் தொடர்ந்து உண்ணுமாறு திருப்பி அனுப்பப்படலாகாது. சி.டி. படமும் திசுப் பரிசோதனையும் செய்யத்தக்க ஆஸ்பத்திரிக்கு அவரைத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும்.