செண்டுமல்லிச் சாகுபடி

கோயமுத்தூர் ஜில்லா மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்தது. ஆண்டு மழை ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். ஆதலின், கிணற்றில் எஞ்சும் நீரை எப்பயிருக்கு விடுவது என்பதே கொங்கு நாட்டுக் குடியானவரின் முதற் கவலை. மல்லிகையைப் போல ஆண்டு முழுவதும் நீர் கேளாமல், நான்கைந்து மாதங்களில் பூத்து முடியும் செண்டுமல்லி இத்தகைய தோட்டத்திற்கு ஏற்றது. துலுக்கச் சாமந்தி என்பதும் இதுவே. இதன் தாயகம் மெக்ஸிகோ தேசம்.

நிலமும் நாற்றும்

வடிகாலுள்ள செம்மண் சிறந்தது. கரிசலிலும் வளரும், ஆனால் நீர் தேங்கலாகாது. மேட்டுப்பாத்தியில் விதையை நெருக்கமின்றித் தூவி, சலித்த எருவை மெல்லியதாக மூடி, பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். ஒரு வாரத்திற்குள் முளைக்கும். ஒரு மாத நாற்றை, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், செடிக்குச் செடி ஒன்றேகால் அடியுமாக, மாலை வேளையில் நடுக. ஒரு சென்ட் நிலத்திற்கு ஏறக்குறைய 230 நாற்று போதும்.

நீர்

வறட்சியைப் பொறுக்கும் செடி என்று கேட்டு, நட்டவுடன் நீரை நிறுத்துவோர் நாற்றை இழப்பர். வேர் பிடிக்கும் வரை மண் உலரலாகாது. பின்னர் மேல்மண் காய்ந்த பிறகே பாய்ச்சுக. நாள்தோறும் பாய்ச்சினால் தழை மிகுந்து பூ குறையும், வேரும் அழுகும். சோளத்தட்டு முதலியவற்றால் மண்ணை மூடினால் ஈரம் நெடுநாள் நிற்கும். ஆனால் மொட்டு விடும் காலத்தில் செடியை வாடவிட்டால் பூ சிறுத்துப் போகும்.

கொழுந்து கிள்ளுதல்

நட்ட ஒரு மாதத்தில் நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ மிகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் செடி சாயாதிருக்க, அடியில் மண் அணைத்தலும் அவசியம். வெப்பக் காலத்தில் இலை வெளுத்து நுண்ணிய வலை காணப்பட்டால் அது செம்பேன். தாக்கிய இலைகளை உடனே அகற்றுக.

தக்காளிக்குத் துணை

இச்செடியின் வேரிலுள்ள ஒரு பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியும் இதன் பூவை நாடி முட்டையிடும். ஆதலின் கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் இடையிடையே ஒரு வரிசை செண்டுமல்லி நடுவது இருவகையில் பயன் தரும்.

விதை

ஒரு பூவெனத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வொரு சிறு பூவின் அடியிலும் ஒரு கரிய விதை விளையும். திடமான செடியில் பெரிய பூக்களைக் குறித்து வைத்து, செடியிலேயே உலரவிட்டு, நிழலில் காயவைத்துச் சேமிக்கலாம். ஆனால் வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல் பூக்காது. நாட்டு ரகத்திலேயே விதை எடுத்தல் நலம்.

விற்பனை

விதைத்த நாளிலிருந்து பூப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே ஆயுத பூஜைக்கு ஆனிக் கடைசியிலும், பொங்கலுக்குப் புரட்டாசிக் கடைசியிலும் விதைத்தல் வழக்கம். கொழுந்து கிள்ளினால் முதற் பூ சில நாள் பிந்தும். அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். திருநாள் கழிந்த மறுநாளே விலை வீழ்ந்துவிடும். ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்தால், பாடுபட்ட பூ எருக்குழிக்கே போகும். சங்க அங்கத்தினர் பதினைந்து நாள் இடைவெளியில் முறைவைத்து விதைத்து, பூவை ஒரே வண்டியில் சந்தைக்கு அனுப்பினால் கூலியும் குறையும், நஷ்டமும் குறையும்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்கவை

1. ஒவ்வொருவர் கிணற்றிலும் பங்குனிக்குப் பின் எத்தனை சென்ட் நிலத்திற்கு நீர் மிஞ்சும்?
2. முதல் முறை விதைப்பவர் யார், அடுத்த முறை யார்?
3. நாட்டு விதையை ஊருக்காகச் சேமித்து வைக்கும் பொறுப்பு யாருடையது?