வன்முறை விளையாட்டுகளும் ஒழுக்கப் பீதியும்: ஆவணப்படம் எடுப்போர் களைய வேண்டிய நம்பிக்கைகள்

வீடியோ விளையாட்டுகளில் காட்டப்படும் வன்முறை இளைஞர்களைக் கொலைகாரர்களாக மாற்றுகிறது என்ற அச்சம் 1970களிலிருந்து அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே வடிவில் பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. கேமராவும் படத்தொகுப்பு மென்பொருளும் எல்லோர் கைக்கும் எட்டிவிட்ட பிறகு, இந்த அச்சத்தின் வரலாற்றைத் தாமே ஆவணப்படமாக்க முனையும் ஆர்வலர்களும், குறிப்பாக அவ்விளையாட்டுகளை ஆடி வளர்ந்தவர்களும், இத்துறைக்குள் வந்திருக்கிறார்கள். தொழில்முறைப் பயிற்சியோ தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவோ இல்லாத இவர்களுடைய முயற்சி மதிக்கத்தக்கது. எனினும் இவர்கள் எதிர்த்தரப்பின் தவறான நம்பிக்கைகளை நன்றாக அறிந்திருக்கும் அளவுக்குத் தம் தரப்பின் தவறான நம்பிக்கைகளை அறிந்திருப்பதில்லை. படம் பழுதுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'ஒழுக்கப் பீதி' என்ற கருத்தாக்கத்தைச் சமூகவியலில் நிலைபெறச் செய்தவர் ஸ்டான்லி கோஹன். 1964ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் இரண்டு இளைஞர் கூட்டங்களுக்கிடையே நடந்த சில்லறைக் கைகலப்புகளைப் பத்திரிகைகள் பெருங்கலவரமாகச் சித்திரித்ததையும், அதன் விளைவாகக் காவல்துறையும் நீதிமன்றங்களும் அரசியல்வாதிகளும் கடுமை காட்டியதையும் ஆராய்ந்து, 1972இல் அவர் நூலாக வெளியிட்டார். ஏதோ ஒரு பிரிவினரோ பொருளோ சமூகத்தின் விழுமியங்களுக்கே ஆபத்து என்று அடையாளம் காட்டப்பட்டு, உண்மையான அபாயத்துக்குப் பொருந்தாத அளவில் கண்டனமும் கட்டுப்பாடும் பெருகுவதையே இக்கருத்தாக்கம் குறிக்கிறது. அளவு என்பதே இதில் உயிர்ச்சொல். கிளாக்டனில் எதுவுமே நடக்கவில்லை என்று கோஹன் ஒருபோதும் வாதிடவில்லை.

நம்பிக்கை: இந்தப் பீதி கொலம்பைன் படுகொலையோடு தொடங்கியது

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலிருந்து கதையைத் தொடங்குவது ஆர்வலர் படங்களில் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1976இல், எக்ஸிடி நிறுவனத்தின் 'டெத் ரேஸ்' என்ற காசு போட்டு ஆடும் இயந்திரம் இதே கண்டனத்தைச் சந்தித்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சி உருவங்களைக் கார் ஏற்றிச் சாய்ப்பதும், சாய்ந்த இடத்தில் ஒரு சிலுவை முளைப்பதுமே அந்த விளையாட்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு மன்றம் அதைக் கண்டித்தது, செய்தி நிறுவனங்கள் எழுதின, எதிர்ப்பு வளர வளர இயந்திரத்தின் விற்பனையும் வளர்ந்தது. 1982 நவம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி சி. எவரெட் கூப் வீடியோ விளையாட்டுகளின் தீங்கு குறித்துப் பேசிவிட்டு, அது தம் சொந்தக் கருத்தே அன்றி அறிவியல் சான்றின்மேல் எழுந்ததன்று என்று அடுத்த நாளே விளக்கமளிக்க நேர்ந்தது.

ஆவணப்படத்துக்கு மிக வளமான நிகழ்ச்சி 1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்க செனட்டில் ஜோசப் லீபர்மேன், ஹெர்ப் கோல் ஆகியோர் முன்னின்று நடத்திய விசாரணையாகும். அதில் 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட 'நைட் டிராப்', பெண்களைப் பொறிவைத்துக் கொல்வதை நோக்கமாகக் கொண்டது என்று பேசப்பட்டது. அந்த விளையாட்டில் ஆடுபவரின் பணியோ, ஒரு வீட்டின் கண்காணிப்புக் கேமராக்கள் வழியே பார்த்துக்கொண்டிருந்து, இரத்தம் உறிஞ்ச வரும் உருவங்களைப் பொறியில் சிக்கவைத்து அந்தப் பெண்களைக் காப்பாற்றுவதாகும். அன்று நிண்டெண்டோவின் சார்பில் பேசியவர் அவ்விளையாட்டு தம் நிறுவனக் கருவியில் ஒருநாளும் இடம்பெறாது என்றார். 2018இல் அது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியிலேயே வெளியானது. செனட்டர் கூறியதையும் விளையாட்டின் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால், விவரிப்பாளர் ஒரு சொல்லும் சேர்க்கத் தேவையில்லை. படத்துக்கு எழுத்தைவிடக் கூடுதலாக இருக்கும் ஆற்றல் இதுவே. ஆனால் அந்த விசாரணையின் விளைவாக 1994இல் விளையாட்டுத் துறை தானே அமைத்துக்கொண்ட வயதுத் தரமதிப்பீட்டு முறை இன்றும் பெற்றோருக்குப் பயன்படுகிறது என்பதையும் படம் சொல்லியாக வேண்டும். பீதியில் பிறந்த எல்லாமே பயனற்றவை என்று காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

நம்பிக்கை: பள்ளிகளில் சுட்டவர்கள் எல்லோரும் வன்முறை விளையாட்டுக்கு அடிமையானவர்கள்

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டனர். காரணம் வீடியோ விளையாட்டுதான் என்ற பேச்சு அன்றைக்கே தொலைக்காட்சிகளில் ஒலித்தது. மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக்குழுவின் அறிக்கை அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வெளிவந்தது; கொலையாளி சிறுவயதில் ஆடியவை 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' போன்றவை என்றும், அவற்றில் போரோ வன்முறையோ கருப்பொருளாக இருக்கவில்லை என்றும் அதில் பதிவாகியிருந்தது. குற்றச்சாட்டுக்குச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது, திருத்தம் வருவதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன, அதற்குள் பார்வையாளர்களின் நினைவு உறைந்துவிட்டது.

2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் நடந்த படுகொலையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. முதல் சில மணி நேரங்களில் ஊடகங்கள் கொலையாளியின் அண்ணனையே கொலையாளி என்று தவறாக அடையாளம் காட்டின. அந்த இளைஞரின் முகநூல் பக்கத்தில் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விளையாட்டு விருப்பமாகக் குறிக்கப்பட்டிருந்ததால், அவ்விளையாட்டின் பக்கத்தில் வசைகள் குவிந்தன. குற்றமே செய்யாத ஒருவர் விரும்பிய விளையாட்டு, வேறொருவர் செய்த கொலைக்குப் பொறுப்பாக்கப்பட்டது. 2013 நவம்பரில் வெளியான கனெக்டிகட் அரசு வழக்கறிஞரின் அறிக்கை, உண்மைக் கொலையாளி வன்முறை விளையாட்டுகளை ஆடியதைப் பதிவு செய்ததோடு, ஒரு திரையரங்கில் இருந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற நடன விளையாட்டை அவர் வழக்கமாக ஆடிவந்ததையும் பதிவு செய்தது. கொலைக்கான நோக்கத்தைத் திட்டவட்டமாகக் கண்டறிய முடியவில்லை என்றும் கூறியது. இந்த அறிக்கையிலிருந்து நடன விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கும் படம், தான் கண்டிக்கும் செய்தித் தொலைக்காட்சி செய்ததையே திரும்பச் செய்கிறது.

தனித்தனி நிகழ்ச்சிகளைத் தாண்டிய சித்திரம் வேண்டுமானால், அமெரிக்க இரகசியப் பணித்துறையும் கல்வித்துறையும் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றில் ஈடுபட்ட 41 பேரையும் ஆராய்ந்த அந்த அறிக்கையின்படி, வன்முறை வீடியோ விளையாட்டுகளில் ஈடுபாடு காட்டியவர்கள் 12 விழுக்காட்டினர், வன்முறைத் திரைப்படங்களில் 27 விழுக்காட்டினர், வன்முறை சார்ந்த நூல்களில் 24 விழுக்காட்டினர். தாமே எழுதிய கவிதைகளிலும் கட்டுரைகளிலும் நாட்குறிப்புகளிலும் வன்முறையை வெளிப்படுத்தியவர்கள் 37 விழுக்காட்டினர். எவருக்கும் கவிதைப் பயிற்சியைத் தடைசெய்யும் எண்ணம் தோன்றவில்லை.

இத்தகைய படத்துக்கு ஏற்ற முதுகெலும்பு காலவரிசையே என்று உறுதியாகக் கூறலாம். யார் எந்த நாளில் என்ன சொன்னார், அப்போது அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது என்ன, எழுத்துவடிவ அறிக்கை எப்போது வந்தது என்பவற்றை நாளும் மாதமும் குறித்துத் திரையில் நிறுத்தினால், பீதி உருவாகும் விதத்தைப் பார்வையாளர் தாமே கண்டுகொள்வார்.

நம்பிக்கை: தீங்கை அறிவியல் நிரூபித்துவிட்டது, அதன் மறுபுறம்: விளைவே இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது

இரண்டுமே தவறு. உளவியலில் 'ஆக்ரோஷம்' என்பது பிறரைத் துன்புறுத்தும் நோக்குடைய எந்தச் செயலையும், ஒரு கடுஞ்சொல்லையோ தள்ளுதலையோகூட, உள்ளடக்கும் அகன்ற சொல். 'வன்முறை' என்பது கடுமையான உடல் தீங்கை மட்டும் குறிக்கிறது. ஆய்வகங்களில் அளக்கப்படுவது முன்னது, நாளிதழ்த் தலைப்பில் அச்சாவது பின்னது. பல ஆய்வுகளில் கையாளப்படும் ஒரு சோதனையில், பங்கேற்பவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிராளியோடு விரைவுப்போட்டி ஆடுவதாக நம்பவைக்கப்படுகிறார். வென்றால், எதிராளியின் காதில் ஒலிக்கும் இரைச்சல் எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கலாம். அந்த ஒலியளவே ஆக்ரோஷத்தின் அளவாகக் கொள்ளப்படுகிறது. ஜெர்மானிய உளவியலாளர் மால்ட்டே எல்சன், வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் இந்த ஒரே சோதனையின் முடிவு 150க்கும் மேற்பட்ட வேறுவேறு வழிகளில் கணக்கிடப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். கணக்கிடும் வழியை ஆய்வாளரே பின்னர் தேர்ந்துகொள்ளலாம் என்றால், விரும்பிய முடிவை எட்டுவது அரிதன்று. இச்சோதனையை ஒரு நண்பரை அமர்த்தி நடித்துக்காட்டினால், பத்து நிபுணர்களின் பேச்சைவிட அது பார்வையாளருக்குத் தெளிவு தரும்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட தீர்மானம் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது: கத்துதல், தள்ளுதல் போன்ற ஆக்ரோஷ விளைவுகளோடு வன்முறை விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்பது அதன் சாரம். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கியும் கார்டிஃபைச் சேர்ந்த நெட்டா வைன்ஸ்டைனும், தம் பகுப்பாய்வுத் திட்டத்தைத் தரவு திரட்டும் முன்பே பதிவுசெய்துவிட்டு, 14, 15 வயதுடைய 1,004 பிரித்தானியச் சிறாரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்தபோது, அந்தச் சிறிய தொடர்பையும் காணவில்லை. ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு. அது எந்த அளவில் உள்ளது என்பதைக் காட்டுவதே படத்தின் கடமை. 1990களின் முற்பகுதிக்குப் பின் விளையாட்டுகள் பெருகியபோதும் அமெரிக்காவில் வன்குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன என்ற வரைபடத்தை ஆர்வலர்கள் வெற்றிக்கொடியாக ஏந்துகிறார்கள். விளையாட்டுகள் கொலைவெள்ளத்தை உண்டாக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். விளையாட்டுகளால்தான் குற்றம் குறைந்தது என்பதற்கு ஆகாது.

நம்பிக்கை: பீதியைக் கிளப்பியவர்கள் வஞ்சகர்கள்

கலிஃபோர்னியாவில் சிறாருக்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மொழிந்த லீலண்ட் யீ, 2014இல் ஊழல், ஆயுதக் கடத்தல் சதி ஆகிய குற்றச்சாட்டுகளில் கைதாகி, 2016இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆர்வலர் படங்களுக்கு இது தின்னக் கூலி கிடைத்த கரும்பாகிவிடுகிறது. ஆனால் அவருடைய குற்றம் அவருடைய சட்டத்தின் குறையை நிறுவாது. அதை நிறுவியது 2011இல் 7-2 என்ற பெரும்பான்மையில் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நூலுக்கும் நாடகத்துக்கும் உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு விளையாட்டுக்கும் உண்டு என்றும், அரசு காட்டிய ஆய்வுகள் காரண-காரியத் தொடர்பை மெய்ப்பிக்கவில்லை என்றும் நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா அதில் எழுதினார். படத்தில் இடம்பெற வேண்டியது அந்தக் காரணங்கள்தாம்.

இந்த விளையாட்டுப் பீதிக்கு முன்னோடியான சித்திரக்கதைப் பீதியைக் கிளப்பிய மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம் இன்னும் சிக்கலான மனிதர். 1954இல் அவர் எழுதிய நூலும் செனட் துணைக்குழுவில் அளித்த சாட்சியமும் அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழிலையே முடக்கின. அவருடைய குறிப்பேடுகள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பின், நூலகவியல் பேராசிரியர் கேரல் டில்லி, சிறாரின் வாக்குமூலங்களை வெர்த்தம் திரித்தும் சேர்த்தும் வெளியிட்டிருந்ததை 2012இல் அம்பலப்படுத்தினார். அதே வெர்த்தம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் முடிந்த வழக்குகளுள் ஒன்றில், பிரிவினை குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறது என்று சாட்சியம் அளித்தவர். குழந்தைகள்மீது அக்கறை கொண்ட ஒருவர் அந்த அக்கறையாலேயே சான்றைத் திரிக்கத் துணிந்தார் என்பதே ஆழ்ந்து காட்டப்பட வேண்டிய செய்தி. நேர்காணலில் அஞ்சும் பெற்றோரைக் கேலிப்பொருளாக வெட்டி ஒட்டுகிறவர் இதைத் தவறவிடுகிறார்.

நம்பிக்கை: பணமும் உரிமங்களும் இல்லாமல் இது ஆகாது

பழைய செய்திக் காட்சிகளுக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெருங்கட்டணம் கேட்பது உண்மை. ஆயினும் அமெரிக்கக் கூட்டரசு தயாரித்த ஆவணங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. விமரிசனத்துக்காகப் பிறர் படைப்பின் சிறு பகுதியைக் கையாள அந்நாட்டுச் சட்டத்தின் நியாயப் பயன்பாட்டுக் கோட்பாடும், இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் வரையறையோடு இடமளிக்கின்றன. துண்டுக்காட்சி எந்த வாதத்தை விமரிசிக்கிறதோ அந்த அளவுக்கு மட்டுமே நீள வேண்டும். மனநிலை கூட்டுவதற்காக ஓடவிடும் காட்சிக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது.

பணமும் உரிமங்களும் கடக்க முடியாத தடைகள் அல்ல என்பதற்குக் கொலராடோவைச் சேர்ந்த டேனி லெடோன் நல்ல எடுத்துக்காட்டு. கொலம்பைன் படுகொலையைப் பற்றி 2005இல் அவர் தனியாளாக உருவாக்கிய விளையாட்டு, 2007இல் ஸ்லாம்டான்ஸ் திரைப்பட விழாவின் விளையாட்டுப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதை எதிர்த்து வேறு படைப்பாளர்கள் தம் விளையாட்டுகளை விலக்கிக்கொண்டனர். இந்த அனுபவத்தை அவர் 2008இல் 'பிளேயிங் கொலம்பைன்' என்ற ஆவணப்படமாக்கினார். சர்ச்சையின் மையத்தில் இருந்தவரே படத்தையும் எடுத்திருப்பதைத் தெரிந்துகொண்டே பார்வையாளர் அதைப் பார்க்க வேண்டும். விளையாட்டை நேசிக்கும் எந்த ஆர்வலரும் தம் சார்பைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நலம்.

இந்தியாவில் இருந்து படமெடுப்போர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் காவல்துறை 'பப்ஜி' விளையாட்டைத் தடைசெய்து, அதை ஆடிய கல்லூரி மாணவர்களைக் கைதுசெய்தது ஒழுக்கப் பீதியின் இலக்கணத்துக்குப் பொருந்தும். 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு அதே விளையாட்டை 118 செயலிகளுள் ஒன்றாகத் தடைசெய்தபோது எடுத்தாண்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவையும், நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு ஆகிய காரணங்களையும்தான். வன்முறை அதில் காரணமாகக் கூறப்படவில்லை. இரண்டு தடைகளையும் ஒரே காட்சித்தொடரில் அடுக்குவது பிழை.