தண்டால் எடுத்த தோள் வலிக்கிறதா?

காலையில் தாமான் பூங்காவில் நடந்துவிட்டு, கம்பியில் தொங்குவது, தண்டால் எடுப்பது என்று பயிற்சி செய்பவரா நீங்கள்? நல்ல பழக்கம். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஓய்வே கொடுக்காமல் தினமும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் தோளில் தொல்லை தொடங்குகிறது.

தோள் மூட்டை 4 சிறு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எலும்போடு இணைப்பவை தசைநாண்கள். பயிற்சி செய்தால் தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும்; தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். ‘இன்னும் 10 எடுக்கலாம்’ என்று கை சொல்லும்போதே தசைநாண் களைத்துப் போயிருக்கலாம். வயதானால் அது தேய்ந்தும் இருக்கும். தோட்டத்தில் மேல்வெட்டுக்குக் கையைத் தூக்கித் தூக்கி ஆண்டுக்கணக்கில் பால்மரம் சீவிய தோள் என்றால் கேட்கவே வேண்டாம்.

பயிற்சி செய்த மறுநாள் இரண்டு பக்கமும் தசை வலித்து, 2, 3 நாளில் அடங்கினால் பயமில்லை. தலை வாரும்போதும் சட்டை மாட்டும்போதும் ஒரு தோள் மட்டும் சுள்ளென்று வலிக்கிறதா? அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கெடுகிறதா? அது தசைநாண் வலியாக இருக்கலாம்.

அப்படியானால் 2 வாரத்திற்குத் தண்டாலும் கம்பியும் வேண்டாம். நடையை விடாதீர்கள். கையை அசைக்காமலும் வைத்திருக்காதீர்கள், தோள் இறுகிவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் எளிதில் வரும். வலிக்காத கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். ஒரு நிமிடம் போதும். நாளுக்கு 2, 3 முறை செய்யலாம்.

வலி தணிந்ததும் சுவரில் தண்டால் எடுங்கள். கைகள் நெஞ்சளவில் இருக்கட்டும். தோளுக்கு மேலே போக வேண்டாம். 8 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். சில வாரம் வலியில்லாமல் செய்த பிறகு உறுதியான மேசை விளிம்புக்கு மாறலாம். தரைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. சுவர்த் தண்டாலும் பயிற்சிதான்.

தைலம் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் கையை முறுக்கி இழுக்க விடாதீர்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கும் முன் மருந்தாளரிடம் அதைச் சொல்லுங்கள்.

தோள் வலியோடு நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள். விழுந்த பிறகு கையைத் தூக்க முடியாவிட்டாலோ, தோள் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, 2 வாரத்தில் வலி குறையாவிட்டால் தஞ்சோங் ரம்புத்தான் சுகாதாரக் கிளினிக்கிற்கு வாருங்கள். மைகார்டோடு, நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும் எடுத்து வாருங்கள்.