செருப்பின் சுத்தமும் கிணற்றின் சுத்தமும்

செத்த ஆட்டின் தோலும் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்பது ஃபிக்ஹு நூல்களின் ஆரம்பப் பாடம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தோலைச் சுத்தமாக்கிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற மஸ்அலாவை நாம் கேட்பது குறைவு.

இப்போது "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று முத்திரையிட்ட பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். அதைக் கொடுத்து வாங்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. இது எம்மட்டும் சரி என்பதைப் பாலாற்றங்கரையிலேயே பார்க்கலாம்.

தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற மருந்துக்கு 1989-இல் மேற்கு ஜெர்மனி தடை விதித்தது. சரக்கு விலைபோகாது என்றானதும் நம் பகுதி ஆலைகள் வேறு மருந்துக்கு மாறின. 1990-களில் சில சாயங்களுக்கும் இதே கதி. ஆகவே வாங்குகிறவர் சொல்லுக்குப் பலமில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அந்தத் தடைகள் காத்தது செருப்பு அணிகிறவரின் காலை. உப்பும் குரோமும் இறங்கிய கிணறு செருப்போடு கப்பலேறவில்லையே! கிணற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, நமக்கு இதைச் சொல்ல நீதிமன்றம் வேண்டியதாயிற்று.

அதன் பின்னரும், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டனர். கடையில் செருப்பைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியுமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் வியாபாரிகளின் தர்மத்தால் வளர்ந்த பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் இவ்வூர்களில் அநேகம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. எனினும் அடியார்களின் ஹக்கு ஸகாத்தால் தீராது. அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்தவர் அவருக்கே ஈடு செய்ய வேண்டும். முத்திரைப் பொருள் வாங்குகிறவருக்கும் இதே கணக்குதான். கூடுதல் விலை கடைக்காரருக்குப் போகிறது, கிணற்றை இழந்தவருக்கு அல்ல. அதிலும், தேய்ந்ததைத் தைத்துப் போடாமல் பசுமைச் சின்னம் பார்த்து மூன்றாவது ஜோடி வாங்குவது வீண்விரயமே.

முத்திரையைவிட நம் கைக்கு எட்டிய வழி ஒன்று உண்டு. பக்ரீதில் நாம் மதரஸாவுக்குக் கொடுக்கும் குர்பானித் தோல் வியாபாரி வழியாக ஆலைக்குத்தான் போகிறது. ஜமாஅத்தார் விலை பேசும்போது, இத்தோல் எந்த ஆலைக்குப் போகும், அதன் கழிவுநீர் எங்கே விடப்படுகிறது என்றும் கேட்கட்டும். பதில் சொல்பவருக்கு, பத்து ரூபாய் குறைந்தாலும், தோலைக் கொடுக்கலாம்.