தரங்கம்பாடியில் ஒரு பிற்பகல்

வெளியூர் செல்வோர்க்கெல்லாம் எப்போதேனும் ஒருமுறை வாய்ப்பது ஒன்று உண்டு. வந்த காரியம் முடிந்துவிடும். ஊர் திரும்பும் வண்டிக்கோ இன்னும் பல மணி நேரம் இருக்கும். அறிந்தவர் எவரும் உடன் இருக்கமாட்டார். அந்நேரத்தை எவ்வாறு கழிப்பது என்று அறியாமல் நிலையத்துப் பலகையில் சாய்ந்து உறங்குவோர் சிலர். கைப்பேசியைப் பார்த்தே பொழுதைப் போக்குவோர் பலர். ஆயினும், அந்தச் சில மணி நேரமே வாழ்நாள் முழுவதும் நினைந்து மகிழத்தக்க கல்வியாக அமைதலும் உண்டு. அதற்கு மிகுந்த பொருள் வேண்டுவதில்லை, துணையும் வேண்டுவதில்லை. நடக்கும் கால்களும், நின்று காணும் கண்களும், அறியாததைக் கேட்கும் மனமும் இருந்தால் போதும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் என்னும் ஊர் உள்ளது. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. இக்காலத்தில் அவ்வூரைச் சூழ்ந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஓய்வின்றி ஓடுகின்றன. அங்ஙனம் நாள்தோறும் ஒரகடம் சென்று உழைக்கும் இளைஞன் ஒருவன் குன்றத்தூரில் இருந்தான். வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வீட்டிற்கும் செல்லும் வழியன்றி வேறு வழியை அவன் நன்கு அறியான். ஊரின் நடுவே நிற்கும் குன்றின்மேல் முருகன் கோயில் உண்டு. சிறுவனாயிருந்தபோது அன்னையின் கையைப் பற்றிக்கொண்டு அதன் படிகளில் ஏறியதோடு சரி; பின்னர் அவன் அக்குன்றை நிமிர்ந்து பார்த்ததும் அரிது.

உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக அவ்விளைஞன் ஒருமுறை மயிலாடுதுறை சென்றான். திருமணமும் விருந்தும் நண்பகலுக்கு முன்பே இனிது முடிந்தன. ஊர் திரும்பும் புகைவண்டி இரவில்தான் புறப்படும். திண்ணையில் சோர்ந்து அமர்ந்திருந்த அவனை வீட்டுப் பெரியவர் ஒருவர் நோக்கி, “தம்பி, இங்கே அமர்ந்து என்ன செய்யப்போகிறாய்? தரங்கம்பாடி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவுதான். கடலையாவது பார்த்துவிட்டு வா” என்றார். இளைஞனும் இசைந்து புறப்பட்டான்.

பேருந்திலிருந்து இறங்கும்போது பிற்பகல் மணி இரண்டு. திரும்பிச் செல்லும் பேருந்துகளின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு அவன் முதலில் குறித்துக்கொண்டான். புதிய ஊருக்குத் தனியே செல்பவன் மறவாது செய்ய வேண்டிய செயல் இது. திரும்பும் நேரம் தெளிவாகத் தெரிந்தவனே கவலையின்றி நடக்க இயலும். ஆறு மணிப் பேருந்தில் திரும்புவது என்று முடிவு செய்தான். நான்கு மணி நேரம் முழுவதும் அவனுடையதாயிற்று.

அவன் விரைந்து நடந்து கடற்கரையை அடைந்தான். நீல நீர் விரிந்து கிடந்தது. அலைகள் வந்து வந்து மோதின. பத்து நிமிடம் பார்த்தான்; கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தான். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. ‘கடலைக் கண்டாயிற்று, இனி அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடலாம்’ என்று எண்ணினான்.

அருகே ஒரு நிழலில் முதிய மீனவர் ஒருவர் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைநிமிர்ந்து, “எந்த ஊர் தம்பி?” என்று வினவினார்.

“குன்றத்தூர், ஐயா.”

“வரும் வழியில் பெரிய வாயில் ஒன்றைக் கடந்து வந்தாயே, அதைப் பார்த்தாயா?”

இளைஞன் நாணி, “கவனிக்கவில்லை, ஐயா” என்றான்.

முதியவர் நகைத்து, “வீட்டைப் பார்க்க வருபவன் கொல்லைப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமா? மறுபடியும் வாயிலுக்குப் போ. அங்கிருந்து மெல்ல நடந்து வா. கடல் எங்கும் போய்விடாது” என்றார்.

அச்சொல் இளைஞன் உள்ளத்தில் தைத்தது. அவன் வந்த வழியே திரும்பி நடந்து, அவ்வாயிலின் முன் நின்றான். வெண்சுதை பூசிய அந்த வாயில் 1792ஆம் ஆண்டில் டேனியர் கட்டியது. ஐரோப்பாவின் வடபால் உள்ள டென்மார்க்கு நாட்டினர் டேனியர் எனப்படுவர். அவர்களுடைய மதில் சூழ்ந்த நகருக்குள் நிலவழியாக வருவோர் இவ்வாயிலைக் கடந்தே புகுதல் வேண்டும். அதனுள் நுழைந்தால், அரசரின் பெயரால் வழங்கும் அகன்ற தெரு நேரே கடலை நோக்கிச் செல்கிறது. சற்று முன்பு வெறும் தெருவாகத் தோன்றிய அதன் இருமருங்கும் இப்போது தூண்கள் தாங்கிய பழைய மாளிகைகள் அவன் கண்ணில் பட்டன.

அத்தெருவில் இரண்டு பழைய கிறித்தவக் கோயில்கள் உள்ளன. ஒன்று 1701ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் கோயில். மற்றொன்று 1718இல் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் கோயில். பின்னதனுள் சீகன்பால்கு என்னும் செருமானியர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். இளைஞன் வாயிற்காப்பவரிடம் இசைவு பெற்று, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றான். அவ்விடத்தில் கேட்டும், பின்னர்க் கோட்டையில் படித்தும் சீகன்பால்கின் வரலாற்றை அறிந்துகொண்டான்.

சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. அவர் அறிந்த மொழி எதுவும் இவ்வூர் மக்களுக்கு விளங்கவில்லை. ஆகவே, பள்ளிச் சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பர். பின்னர்த் தமிழ் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு 1708இல் அட்டவணை எழுதினார். டேனிய ஆளுநரோடு மாறுபட்டுச் சில திங்கள் சிறையிலும் இருந்தார்.

ஏட்டில் எழுதுவது மெல்ல நடக்கும் வேலை. ஆதலால், இங்கிலாந்திலுள்ள சங்கம் ஒன்று அவருக்கு அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியது. அதனை ஏற்றி வந்த கப்பல் வழியில் பிரஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பொறியோடு வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டில் செருமனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை உருவில் பெரியனவாக இருந்தமையால் மிகுதியான தாளை விழுங்கின. தாளோ கிடைத்தற்கு அரியதாக இருந்தது. எனவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றில் தாள் செய்யும் பட்டறை ஒன்றும் அமைத்தனர். 1715இல் விவிலியத்தின் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. தமிழ் அச்சுக் கலை 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தொடங்கியதாயினும், நெடுங்காலம் நின்று நிலைத்த அச்சகமாக விளங்கியது தரங்கம்பாடியிலேயே ஆகும். சீகன்பால்கு 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் காலமானார்.

இவற்றை அறிந்த இளைஞன் சிறிது நேரம் அசையாது நின்றான். பள்ளியில் அவன் படித்த புத்தகங்களை எண்ணினான். எளிய பொருளாக எறிந்தும் கிழித்தும் விளையாடிய அந்தத் தாள்களுக்குப் பின்னே, எத்தனை பேருடைய உழைப்பும் துன்பமும் இருந்தன என்பதை அன்றுதான் உணர்ந்தான். இயந்திரங்களோடு பழகியவன் ஆதலால், எழுத்தைச் சிறிதாக்கித் தாளை மிச்சப்படுத்திய அந்தத் தொழில் அறிவு அவனுக்குப் பெரிதும் வியப்பளித்தது.

பிறகு அவன் கடலை நோக்கி நிற்கும் கோட்டைக்குச் சென்றான். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620ஆம் ஆண்டில் டேனியரோடு உடன்படிக்கை செய்து, வாணிகம் நடத்த இவ்வூரை அளித்தார். அவர் டென்மார்க்கு அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் இன்றும் அந்நாட்டில் காக்கப்படுகிறது. அவ்வாண்டில் தொடங்கப்பெற்றதே இக்கோட்டை. மிளகு முதலிய பண்டங்களை நாடி வந்த டேனியர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்தனர். பின்னர் 1845ஆம் ஆண்டில், வங்காளத்திலுள்ள சீராம்பூரோடு இவ்வூரையும் சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் உரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். இப்போது கோட்டையில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஓர் ஊரும் அதில் வாழ்ந்த மக்களும் அவர்களைக் கேளாமலே விலைபேசப்பட்டனர் என்று படித்தபோது இளைஞனின் உள்ளம் வருந்தியது.

டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூர் சிறந்து விளங்கியது என்பதற்குக் கடலோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் சான்றாகும். அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டில் எழுந்தது. சடங்கன்பாடி என்பது இவ்வூரின் அக்காலப் பெயர். தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். அலை மோதும் ஊர் என்னும் பொருள்பட அமைந்த பெயரே இன்று வழங்குகிறது. அவ்வலையே அக்கோயிலின் முற்பகுதியை அரித்துக் கொண்டு சென்றது. முன்னாளில் கடலுக்கு எட்டி நின்ற கட்டடம், பின்னாளில் கடலின் வாய்க்குள் நின்றது. எஞ்சிய பகுதியைக் காத்தற்குக் கரையில் கருங்கற்களை அடுக்கியுள்ளனர்.

பொழுது சாயத் தொடங்கியது. கீழைக் கடற்கரையில் கதிரவன் கடலில் மறைவதில்லை. நிலத்தின் பக்கமே மறைகிறான். ஆகவே, கோட்டையின் நிழல் நீண்டு மணலைக் கடந்து அலைகளை நோக்கிச் சென்றது. இளைஞன் மீண்டும் அம்முதியவரிடம் சென்று அமர்ந்தான்.

“இப்போது பார்த்தாயா?” என்றார் அவர்.

“பார்த்தேன், ஐயா. நீங்கள் சொல்லாதிருந்தால் ஒன்றையும் காணாமல் போயிருப்பேன். இந்தக் கடல் இவ்வளவையும் கொண்டுபோயிற்றே!”

முதியவர் வலையைக் கீழே வைத்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலையில், சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தமிழகக் கரையைத் தாக்கியதை அவர் கூறினார். “அன்று எங்கள் தெருவில் இழப்பு இல்லாத வீடு இல்லை, தம்பி. கடலை நாங்கள் வெறுக்கவில்லை. வெறுத்து எங்கே போவது? ஆனால், அதன் முன் அடக்கமாக இருக்கக் கற்றுக்கொண்டோம். புதிதாக வந்தவன் நீ, நீரில் இறங்காதே. இங்கே நீரோட்டம் எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியாது” என்றார்.

அத்துயரத்திற்குப் பின், 2007ஆம் ஆண்டில், ஆழிப்பேரலையை முன்னறிந்து எச்சரிக்கும் நடுவம் ஒன்று ஐதராபாத்தில் அமைக்கப்பட்டது. ஆயினும், தம் கண்ணால் கண்டவர் சொல்லக் கேட்பதுபோல் அந்நாளின் கொடுமையை வேறு எந்த நூலும் உணர்த்தாது. இளைஞன் முதியவரை வணங்கி விடைபெற்று, உரிய நேரத்தில் பேருந்து ஏறினான்.

அடுத்த வார விடுமுறை நாளில் அவன் குன்றத்தூரில் வழக்கம்போல் உறங்கிப் பொழுதைக் கழிக்கவில்லை. முருகன் கோயிலின் 84 படிகளிலும் மெல்ல ஏறினான். மேலே நின்று நோக்கியபோது, செம்பரம்பாக்கம் ஏரியும் வயல்களும் அவற்றிடையே பரவிவரும் புதிய கட்டடங்களும் தெரிந்தன. பின்பு கீழே இறங்கி, சேக்கிழார் எடுப்பித்ததாகப் போற்றப்படும் திருநாகேசுவரம் கோயிலுக்குச் சென்றான். அங்கிருந்த முதியவர் ஒருவரை அணுகி, “ஐயா, இந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டான். பிறந்தது முதல் தான் வாழ்ந்துவந்த ஊரையும் அன்றுதான் அவன் வாயிலிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.

ஓர் ஊரை முழுவதும் அறிவதற்குச் சில மணி நேரம் போதாது. ஆனால், அறிய வேண்டும் என்னும் விருப்பம் பிறப்பதற்கு அது போதும். அயலூரில் தனித்து நின்று காணப் பழகிய கண்ணே சொந்த ஊரின் சிறப்பையும் காண வல்லது. காலமும் கடலும் எதனையும் எவருக்காகவும் நிறுத்தி வைப்பதில்லை. ஆதலின், கண்ணெதிரே இருப்பதை அது இருக்கும்போதே நின்று காண்பதும், அறிந்தவரைக் கேட்பதும், கேட்டதைப் பிறருக்குச் சொல்வதும் இளைஞர் அனைவரும் பழக வேண்டிய நற்பண்புகளாகும்.