உறங்கும் எந்திரம்

வேலை முடிந்த இடத்திலேயே கைவிடப்பட்ட சாலை உருளை எந்திரங்களைச் சிற்றூர்ச் சாலையோரங்களில் காணலாம். சக்கரத்தைச் சுற்றி எருக்கு முளைத்திருக்கும். புகைபோக்கி துருவேறித் திறந்து கிடக்கும். பார்வைக்கு அது பழைய இரும்பே. எனினும், உள்ளிருக்கும் டீசல் எஞ்சின் பெரும்பாலும் தேய்ந்து நின்றதன்று, வேலையின்மையால் நின்றது. அதனை எடைக்குப் போடுவதா, மீட்பதா என்பது முதல் நாளில் கம்மியர் காட்டும் பொறுமையைப் பொறுத்தது.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. இவ்வகை எஞ்சினில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சுடுவதன்றோ? அதுபோலவே, நெருக்குண்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அதனுள் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. காற்றும் டீசலும் கிடைக்கும்வரை எஞ்சின் ஓடும். அதன் வலிமையும் இதுவே, இடரும் இதுவே.

நெடுங்காலம் நின்ற எஞ்சினுக்குப் புதிய பேட்டரியைப் பூட்டி, உடனே ஸ்டார்ட்டரை இயக்குவோர் உண்டு. இதனினும் பெருந்தவறு வேறில்லை. புகைபோக்கியின் வழியே இறங்கிய மழைநீர், திறந்து நின்ற வால்வைக் கடந்து சிலிண்டரில் தேங்கியிருக்கலாம். காற்றைப்போல் நீர் நெருங்கிக் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும். ஈரத்தால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கவும் கூடும். ஆகவே, இஞ்செக்டர்களைக் கழற்றி, அத்துளைகளின் வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுகின்றனர். பிறகு, ஃப்ளைவீலின் பற்களில் கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னுமாக மெல்ல நெம்புகின்றனர். ஒரு விரற்கடை அசைந்தால் அன்றைக்கு அதுவே பெரும்பேறு. சில நாள்களில் முழுச்சுற்றும் தடையின்றி வரும். எஞ்சிய நீரும் துளைகளின் வழியே வெளியேறும்.

ஆயில் தொட்டியின் அடித்திருகைத் தளர்த்தினால், கனமான நீரே முதலில் வடியும். ஆயில் மோர்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்பது பொருள். டீசல் தொட்டியின் அடியிலும் நீர் தங்கும். அங்கு நுண்ணுயிர்கள் பெருகிக் கருங்கூழாகப் படியும். அதனைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, குழாய்களிலுள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

இனி, அஞ்சத்தக்க ஓர் இடம் உண்டு. டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பற்சட்டம் ஒன்று எரிபொருள் பம்பினுள் உள்ளது. பழைய டீசலின் பிசினால் அது முழு அளவில் ஒட்டிக்கொண்டால், தொடங்கிய எஞ்சினின் வேகம் ஏறிக்கொண்டே போகும். மின்னிணைப்பைத் துண்டித்தாலும் நிற்காது. தீப்பொறியால் ஓடும் எஞ்சின் அன்றே! சிறிது நேரத்தில் அது சிதறவும் கூடும். எனவே, பம்பின் பக்கமூடியைத் திறந்து, விரலால் தள்ளினால் பற்சட்டம் நகர்கிறதா என முன்னரே பார்ப்பர். அதன் பின்னும், காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகும் வாயருகே தடித்த பலகையுடன் ஒருவர் நிற்பார். காற்றை அடைத்தால் எஞ்சின் அடங்கும். கையால் அடைக்க முனைந்தால் உறிஞ்சும் விசை கையைப் பதம்பார்த்துவிடும்.

எஞ்சின் ஓரிரு முறை இருமுகிறது. பாதி எரிந்த டீசல் வெண்புகையாய்ச் சூழ்கிறது. சூடேறச் சூடேறப் புகை மெலிகிறது. கம்மியரின் கண் புகையில் இல்லை. ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளில் இருக்கிறது. சில நொடிகளில் அது எழாவிடில் டீசலை நிறுத்திவிடுவார். முள் எழுகிறது. வேகநெம்புகோலைத் தணிக்கிறார், எஞ்சினும் தணிகிறது. பலகையுடன் நின்றவர் அப்போதுதான் அதனைக் கீழே வைக்கிறார்.