பொறி பயின்ற மொழி

(உரைநடை)

நுழையும்முன்

வீட்டில் தமிழ், தெருவில் வேறொரு மொழி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என வாழ்பவர்கள் நீங்கள். கடைக்காரர் கூறுவதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்கிறீர்கள். பாட்டி கேட்பதைக் கடைக்காரருக்கு அவர் மொழியில் சொல்கிறீர்கள். உங்களுக்கு இயல்பாக வரும் இச்செயலைக் கணினிக்குக் கற்பிக்க அறிஞர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதல் முயற்சி

இரண்டாம் உலகப்போரில் பகைவரின் மறைகுறிச் செய்திகளை விடுவிக்கப் பொறிகள் உதவின. பிறமொழி நூலையும் மறைகுறியாகக் கருதிப் பொறியால் விடுவிக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் வாரன் வீவர் 1949இல் எழுதினார்.

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு செயல்விளக்கம் நடத்தின. ரஷ்ய மொழி அறியாத ஒரு பெண், ரஷ்யத் தொடர்களைத் துளை அட்டைகளில் பதித்துக் கணினிக்கு அளித்தார். ஆங்கிலத் தொடர்கள் அச்சாகி வெளிவந்தன. கணினியிடம் இருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளுமே. எனினும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் இப்பணி முழுமை பெறக்கூடும் என ஆய்வுக்குழுவின் லியோன் டொஸ்டர்ட் நம்பினார்.

1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடினர். அக்கூட்டத்திற்காக ஜான் மெக்கார்த்தி முதலியோர் எழுதிய முன்வரைவில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயர் இடம்பெற்றது. பொறியை மொழி பயன்படுத்தச் செய்வதும் அவர்தம் குறிக்கோள்களுள் ஒன்று.

எதிர்ப்பட்ட தடை

ஆங்கிலத்தில் ‘பென்’ என்பதற்கு எழுதுகோல் என்றும், குழந்தை விளையாடும் அடைப்பு என்றும் பொருள் உண்டு. ‘பெட்டி பென்னில் இருந்தது’ என்ற தொடரைப் பொறி எவ்வாறு புரிந்துகொள்ளும் என 1960இல் வினவினார் பார்-ஹில்லல் என்னும் அறிஞர். எழுதுகோலுக்குள் பெட்டி புகாது என்பது நமக்குத் தெரியும். அகராதியும் இலக்கணமும் மட்டுமே அறிந்த பொறிக்கு அது தெரியாது. தமிழிலும், ‘ஆறு பேர் வந்தனர்’, ‘ஆறு பெருகி வந்தது’ என்னும் தொடர்களில் எது எண், எது நீர்ப்பெருக்கு என நாம் தயங்காமல் அறிகிறோம் அல்லவா?

1966இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, பொறியின் மொழிபெயர்ப்பு மனிதர் செய்வதைவிட மெதுவானது, பிழை மிகுந்தது, இரு மடங்கு செலவுடையது என அறிக்கை அளித்தது. அதன்பின் அந்நாட்டில் இவ்வாய்வுக்கான நிதி பெரிதும் குறைந்தது.

புதிய வழி

1980களின் இறுதியில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் விதிகளை எழுதித் தரும் முறையைக் கைவிட்டனர். கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இருமொழிகளிலும் பதிவாகின்றன. அப்பதிவுகளைக் கணினிக்கு அளித்தனர். எச்சொல்லுக்கு எச்சொல் இணையாக வருகிறது எனக் கணினியே கணக்கிட்டது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்பார்மர்’ என்னும் அமைப்பு முதலில் மொழிபெயர்ப்பிலேயே சோதிக்கப்பட்டது. இன்று நம்முடன் உரையாடும் செயலிகள் பலவும் அதன் வழிவந்தவையே.

எழுத்தே உணவு

மனிதர் எழுதிவைத்தவற்றிலிருந்தே பொறி மொழியைக் கற்கிறது. எழுத்து மிகுந்த மொழியில் அது தேர்ச்சி பெறுகிறது. எழுத்து குறைந்த மொழியில் தடுமாறுகிறது. உங்கள் வீட்டு முதியோர் வழங்கும் வட்டாரச் சொல் எங்கும் எழுதப்படாவிடின், அச்சொல் பொறிக்கு எட்டாது. காலப்போக்கில் நமக்கும் எட்டாமல் போகும். அதனைக் காதால் கேட்டு வளர்பவர்கள் நீங்கள். எழுதிவைக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

சொல்லும் பொருளும்

மறைகுறி – பிறர் அறியாவண்ணம் மாற்றி எழுதப்பட்ட எழுத்து
பொறி – இயந்திரம்
முன்வரைவு – திட்டத்தை முன்கூட்டி விளக்கும் எழுத்து

பயிற்சி

1. 1954ஆம் ஆண்டுச் செயல்விளக்கத்தில் கணினியிடம் இருந்தவை யாவை?
2. ‘மாலை’, ‘திங்கள்’ ஆகிய சொற்களை வெவ்வேறு பொருளில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
3. வீட்டு முதியோரிடம் கேட்டு, அவர்தம் ஊர் வழக்குச் சொற்கள் ஐந்தனைப் பொருளுடன் எழுதி வருக.